ரேடியோ என்னுது

நீ முன்னாடி நில்லும்மா, பரவால்ல. நான் ஆர்லிக்ஸும் பிஸ்கட்டும் வாங்கத்தான் வந்தேன். கவுன்ட்டரு தொறக்க எப்பிடியும் நேரமாவும். இந்த மிலிட்டரி கேன்டீனுக்கு வர்ற பொம்பளைங்கள்ல எனக்குத் தெரியாத மூஞ்சி இல்ல. உன்னை இப்பத்தான் பாக்கறேன். புதுசாக் கல்யாணம் ஆனவளா? வூட்டுக்காரரு எங்க, காஷ்மீரா? அதான் நிமிசத்துக்கு ஒருவாட்டி போனைப் பாத்துக்கினே கீற. ரெண்டு நாளாக் கூப்பிடலியா? கூப்பிடுவாரு. கூப்பிடலைன்னா ஒடனே கண்டதையும் நெனைக்கக் கூடாது. அதை எங்கிட்ட கேளு. எம் புருசன் செத்துட்டாருன்னு ஊரே சொன்னப்ப, இல்லன்னு ஒத்தை ஆளா நின்னவ நான்.

எழுவத்தொண்ணாம் வருசம் பாக்கிஸ்தான் சண்டை. நீயெல்லாம் பொறக்கவே இல்ல, உங்கம்மாவே பொறந்திருக்க மாட்டா. எங்க ஊரு காட்பாடிக்கு அந்தாண்ட, மலையடிவாரம். வூட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருப்பான். எங்க வூட்டுக்காரரு லான்ஸ் நாயக்கு. பேரு சிகாமணி. இன்னாடா இவ புருசன் பேரைப் பட்டுனு சொல்றாளேன்னு பாக்கறியா? ஒரு நாளு ஊரு நடுவுல கத்திச் சொன்னேன். அதோட அந்தக் கூச்சம் போயிடிச்சி.

அந்த வருசம் லீவுல வந்தப்ப ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியாந்தாரு. தோல் உறை போட்டது, தோள்ல மாட்டிக்கலாம். ஊருக்குன்னு பஞ்சாயத்து போர்டு ரேடியோ ஒண்ணு இருந்துச்சி, கோயிலாண்ட கம்பத்துல கொழா கட்டி. அத விட்டா எங்க வூட்டு ரேடியோதான். போஸ்டாபீசுல லைசென்சு கட்டுனாரு பாரு, அதையும் எம் பேருலயே கட்டுனாரு. "நான் இல்லாதப்ப உனக்குத் தொணை"ன்னாரு. அப்ப அது யாரு ரேடியோ? என்னுது. அதை மட்டும் மனசுல வெச்சிக்க.

சண்டை ஆரம்பிச்சதும் சாயங்காலமானா மொத்த ஊரும் கம்பத்தாண்டதான். டில்லியில இருந்து தமிழ்ல சேதி படிப்பாங்க. நம்ம ஆளுங்க அவங்க டேங்கு இத்தனையை ஒடச்சாங்க, பிளேனைச் சுட்டாங்கன்னு சொன்னா ஆம்பளைங்க கை தட்டுவாங்க. பொம்பளைங்க நாங்க பின்னாடி நின்னுக்கினு இருப்போம். எங்களுக்குக் கை தட்ட வராது. எங்க ஆளு எந்தப் பக்கம் கீறாருன்னே எங்களுக்குத் தெரியாது. கடைசியா வந்த கடுதாசியில பஞ்சாப் பக்கம்னு ஒரு வரி, அவ்ளோதான்.

அப்பறம் தந்தி வந்துச்சி. போஸ்ட் மாஸ்டரு வாசல்ல நின்னு படிச்சாரு. காணவில்லை, இறந்திருக்கலாம்னு நம்பறாங்களாம். எங்க மூத்தாரு, அவரோட அண்ணன், காத்தவராயன்னு பேரு, தலையில துண்டைப் போட்டுக்கினு குந்திட்டாரு. எங்க மாமியா பச்சையம்மா அப்பிடியே கீழ சாஞ்சிடிச்சி. எனக்கு அழுவ வரல. நான் கேட்டேன், "முன்னாடி இன்னா போட்டிருக்கு?"

"காணவில்லைன்னு."

"காணலைன்னா தேடணும். எதுக்குத் தலையில துண்டு?"

மூத்தாரு சொன்னாரு, "கவர்மென்ட்டு அப்பிடித்தாம்மா பதமாச் சொல்லும். செத்துட்டான்னு நேராவா சொல்லுவான்?"

அதோட முடிச்சிட்டாரு. காரியத்துக்கு நாள் குறிச்சிட்டாரு. ஒடம்பு கெடைக்காதவங்களுக்கு இன்ன மாதிரி பண்ணணும்னு ஐயரைக் கேட்டுக்கினு வந்துட்டாரு. அன்னிக்கி விடியக்காலம் எங் கழுத்துல இருந்து தாலியை வாங்கறது. முடியாதுன்னேன். பைத்தியம் புடிச்சிடிச்சின்னாங்க. புடிச்சா புடிக்கட்டும், பைத்தியத்துக்கும் தாலி இருக்கலாமில்லியான்னேன். எங்க ஓரகத்தி வாயைப் பொத்திக்கினு உள்ள ஓடிட்டா. எழவு வூட்ல ரேடியோ பாடக்கூடாதுன்னு சொல்லி என் டிரான்சிஸ்டரை எடுத்து பரண் மேல போட்டுட்டாரு மூத்தாரு. என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கல.

இதுல ஜைத்தூன் அக்காவைப் பத்திச் சொல்லணும். எங்க மாட்டுக் கொட்டாவுக்குப் பின்னாடி வூடு, நடுவுல ஒரே ஒரு மண் செவுரு. துலுக்கங்க. எங்க தெருவுக்கே அது ஒரு வூடுதான். அக்கா பீடி சுத்தும். அதோட வூட்டுக்காரரு ஹயாத் பாஷா, சுத்தின பீடியை சைக்கிள்ல கட்டி குடியாத்தத்துக்கு எடுத்துக்கினு போவாரு. நல்ல மனுசங்கதான், நான் இல்லன்னு சொல்லல. வூட்ல உருது பேசிக்குவாங்க, எங்ககிட்ட தமிழு.

ஒரு நாளு நான் சாணி அள்ளிக்கினு கீறேன், செவுத்துக்கு அந்தாண்ட இருந்து அக்கா கூப்புடுது. "பாக்கியம், ஆம்பூர்ல எங்க அண்ணன் சொன்னான். அந்தப் பக்கத்து ரேடியோவுல, புடிச்சி வெச்சிருக்கற சிப்பாயிங்க பேரைப் படிக்கறாங்களாம். சாயங்காலத்துல. அவங்க வூட்டுக்குச் சொல்ற சேதியும் படிக்கறாங்களாம். நீ கேட்டுப் பாரு. நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லாத."

சொல்லும்போது தெருவைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. எதுக்குப் பாக்குதுன்னு நான் கேக்கல. எனக்கு ரேடியோ நெனப்பு.

பரண் மேல ஏறி எடுத்தேன். கூடையில வெச்சி மேல வரட்டியை அடுக்கினு நேரா அக்கா வூட்டுக்குப் போனேன். அக்கா கதவை மறிச்சிக்கினு நிக்குது. "இங்க வேணாம் பாக்கியம். உங்க வூட்லயே கேளு."

"எங்க வூட்ல விடுவாங்களா? அப்பிடியே கேட்டாலும் எனக்கு அந்தப் பாஷை தெரியுமா? நீ கேட்டுச் சொன்னாத்தான் உண்டு."

உள்ள இருந்து ஹயாத் பாஷா சொல்றாரு, "வேணாம், ஜைத்தூன். வேற எதுன்னாலும் செய்யி. இது வேணாம்."

அக்கா அவரைப் பாத்துச்சி, என்னைப் பாத்துச்சி. நான் அழுதேன். தந்தி வந்தப்ப வராத அழுகை அப்ப வந்துச்சி. அக்கா நவுந்துக்கிச்சி. உள்ள போயிட்டேன்.

தெனமும் சாயங்காலம் அதான் வேலை. ரேடியோ மேல ரஜாய்னு அவங்க வூட்டுப் பஞ்சுப் போர்வை ஒண்ணைப் போட்டு, அதுக்குள்ள ரெண்டு பேரும் தலையை வுட்டுக்குவோம். புகையெல வாடை மூக்கைத் தொளைக்கும். முள்ளை நவுத்தி நவுத்தி ஸ்டேஷனைப் புடிக்கறது நானு, புரிஞ்சிக்கறது அக்கா. ஒவ்வொருத்தன் பேரு, அப்பன் பேரு, ஊரு, அப்பறம் அவன் சொல்ற சேதி. யாரோ வடக்க ரோத்தக்குக்காரன், தங்கச்சி கல்யாணத்தை நிறுத்தாதீங்கன்னு சொல்றானாம். இன்னொருத்தன், அம்மா நான் நல்லாக் கீறேன், நீ வேளைக்குச் சாப்புடுன்னு சொல்றானாம். அக்காவுக்குக் கண்ணு ரொம்பிக்கும். எனக்குக் கோவமா வரும். "ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் நீ அழுவுற, எங்காளு பேரு வருதான்னு பாருக்கா"ம்பேன். அக்கா மூக்கைத் தொடைச்சிக்கினு மறுபடி காதை வெக்கும்.

பேரு வரல. நாளும் வந்துடிச்சி.

விடிஞ்சா காரியம். முந்தின நாளே சொந்தபந்தம் வந்து எறங்கிட்டாங்க. வாசல்ல பந்தலு. அன்னிக்கின்னு பாத்து இன்னொரு கூத்து. டாக்கா நம்ம கைக்கு வந்துடிச்சி, அவங்க ராணுவம் துப்பாக்கியைக் கீழ போட்டுடிச்சி, சண்டை முடிஞ்சிடிச்சின்னு பஞ்சாயத்து ரேடியோ காலையில இருந்து அலறுது. ஒரே பட்டாசு. பள்ளிக்கூடத்துப் பசங்க கொடி புடிச்சிக்கினு ஊரைச் சுத்துதுங்க. அந்தத் தெருவுல ஜேஜேன்னு கத்தறாங்க, இந்தத் தெருவுல எங்க வூட்ல ஒப்பாரி. கம்பத்தாண்ட லட்டு குடுத்தவன், எங்க பந்தல்ல குந்தியிருந்தவங்களுக்கும் கொண்டாந்து குடுத்துட்டான். வாங்கவும் முடியல, வேணாங்கவும் முடியல, ஆளாளுக்குக் கையில வெச்சிக்கினு முழிக்கறாங்க.

மூத்தாரு சாப்பாட்டுச் செலவுக்குன்னு எங்க எருமையை வெல பேசியிருந்தாரு. வியாபாரி வந்து கவுத்தைப் புடிச்சிக்கினு நிக்கறான்.

பொழுது சாயற நேரம். என்னை ஒருத்தரும் கவனிக்கல. கொட்டா வழியா செவுரு ஏறிக் குதிச்சிட்டேன். ரேடியோ ஏற்கெனவே அங்கதான் இருந்துச்சி. ரஜாயைப் போட்டு முள்ளைத் திருப்பறேன், வெளிய வெடி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அக்கா காதை ரேடியோ மேலயே வெச்சிடுச்சி. பேருங்க போயிக்கினே கீது. கடைசியில ஒருத்தன் படிக்கறான் பாரு, "லான்ஸ் நாயக் சிக்காமனி." பேரைக் கொலை பண்றான். ஆனா அதான். அப்பன் பேரு பொன்னுரங்கம், அதையும் பொன்னு ராங்கம்னு இழுக்கறான். அப்பறம் "நார்த் ஆர்காட்"னான், அப்ப எங்க ஜில்லா பேரு அதான்.

நான் அக்கா கையைப் புடிச்சி நெறிக்கறேன். அக்கா "ஷ்ஷ்"னுச்சி. கண்ணை மூடிக்கினு கேட்டுச்சி. கேக்கக் கேக்க அதோட வாயி கோணிக்கினு போவுது. நான் பயந்துட்டேன். பாத்தா, சிரிக்குது! ரஜாய்க்குள்ள அழுதுக்கினே சிரிக்குது.

"கால்ல அடிபட்டிருக்காம், தேவலையாம். பொண்டாட்டிக்குச் சொல்றான். எருமையை விக்காதன்னு சொல்றான், பாக்கியம்! கன்னு போடட்டும், அதுவரைக்கும் விக்காதன்னு!"

அந்த எருமைக்குக் கொஞ்சம் ஒதைக்கற புத்தி. லீவுல இருந்து அவரு கெளம்பறப்ப அதான் சண்டை, நான் வித்துடலாம்னேன், அவரு கூடாதுன்னாரு. ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினுதான் போனோம். இது எங்க வூட்ல இருக்கறவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? லாகூர்ல குந்தியிருக்கறவன் கற்பனை பண்ணிச் சொல்லுவானா?

நான் எழுந்து ஓடப் பாக்கறேன், அக்கா என் முந்தானையைப் புடிச்சிக்கிச்சி. "பாக்கியம், அல்லா காப்பாத்திட்டான், போ. ஆனா உங்க வூட்லயே கேட்டேன்னு சொல்லு. எங்க வூட்டைச் சொல்லாத. உங் காலைப் புடிக்கறேன்."

"சரிக்கா, சரிக்கா"ன்னு ஓடியாந்தேன்.

பந்தலுக்கு நடுவுல நின்னேன். தலையெல்லாம் கலைஞ்சி, தோள்ல ரேடியோ. "அவரு உசிரோட கீறாரு! சிகாமணி உசிரோட கீறாரு! ரேடியோவுல சொல்லிட்டாங்க!"

ஒப்பாரி நின்னுபோச்சி. மூத்தாரு எழுந்து வந்தாரு. "எந்த ரேடியோவுல? டில்லியிலயா?"

"இல்ல. அந்தப் பக்கத்து ரேடியோவுல."

"அவன் பொய்யா சொல்லுவான். நம்ம ஆளுங்களைக் கொழப்பறதுக்கு. சரி, உனக்கு அந்தப் பாஷை எப்பிடிப் புரிஞ்சிது?"

நீயே சொல்லும்மா, இதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? புரியலன்னா தாலியைப் புடுங்கிடுவாங்க. சாட்சி வேணுமில்ல?

"ஜைத்தூன் அக்கா கேட்டுச் சொன்னாங்க! அவங்க வூட்லதான் கேட்டேன், தெனமும் அங்கதான் கேக்கறோம்! நம்பலைன்னா அவங்களையே கூப்புட்டுக் கேளுங்க!"

ஊரே அங்க நிக்குது, கம்பத்தாண்ட இருந்த கூட்டமும் சத்தம் கேட்டு வந்துடிச்சி. ரெண்டு பேரு போயி கூட்டினு வந்தாங்க. அக்கா முக்காட்டை இழுத்துவுட்டுக்கினு கொட்டா தூணாண்ட நின்னுச்சி. பின்னாடியே ஹயாத் பாஷா, செத்த பொணம் மாதிரி வெளுத்துப்போயி.

மூத்தாரு கேட்டாரு, "எதிரி நாட்டு ரேடியோவை உன் வூட்ல வெச்சிக் கேட்டியா?"

அக்கா என்னைப் பாத்துச்சி. இல்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? ஹயாத் பாஷாகூட அதோட கையைப் புடிச்சி இழுக்கறாரு. அக்கா கையை ஒதறிச்சி.

"கேட்டேன்"னுச்சி. சத்தமாத்தான் சொல்லிச்சி. "பேரைக் கேட்டேன், அப்பன் பேரைக் கேட்டேன், ஜில்லா பேரைக் கேட்டேன். எனக்கு இதுல இன்னா லாபம்? நாளைக்கி இந்தப் பொண்ணு கழுத்துல கை வெக்கப் போறீங்க. நாள பின்ன அவரு இந்த வாசல்ல வந்து நின்னாருன்னா, எங்கடா எம் பொண்டாட்டி தாலின்னு கேட்டா, யாரு பதில் சொல்லுவீங்க? நீங்க சொல்லுவீங்களா?"

நேரா எங்க மூத்தாரைக் கையை நீட்டிக் கேட்டுச்சி. எங்க தெருவுல அவரை யாரும் அப்பிடிக் கேட்டதில்ல.

"பாக்கிஸ்தான்காரன் சொல்லிக் குடுத்தான், இவ படிக்கறா"ன்னு கூட்டத்துல எவனோ கத்துனான்.

"அப்ப இதையும் கேட்டுக்கங்க. எருமையை விக்காத, கன்னு போடட்டும்னு சொல்லியிருக்காரு. இதையும் நானா படிச்சேன்?"ன்னுச்சி அக்கா.

எல்லாரும் திரும்பி எருமையைப் பாக்கறாங்க. வியாபாரி கவுத்தைப் புடிச்சிக்கினு நிக்கறான், அவனுக்கு ஒண்ணும் புரியல. அதுவரைக்கும் மூலையில சுருண்டு கெடந்த எங்க மாமியா எழுந்துச்சி. அது எழுந்து பல நாளாச்சி. தள்ளாடிக்கினு வந்து வியாபாரி கையில இருந்த கவுத்தை வெடுக்குனு புடுங்கிச்சி.

"எம் புள்ளதான்டா! பெத்தவ எப்பிடிக் கீறான்னு கேக்கல, எருமை எப்பிடிக் கீதுன்னு கேக்கறான் பாரு, அவன்தான்டா! வேற எவன் கேப்பான்! பிரிங்கடா பந்தலை!"

பிரிச்சாங்கம்மா. அன்னிக்கே பிரிச்சாங்க. மூத்தாரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சி எங்க வூட்டுக்காரரு கையால எழுதின கார்டு வந்துச்சி, ஜெயில்ல இருந்து. அதுக்கப்பறம் ஒருத்தனும் வாயைத் தொறக்கல. நான் சொன்னது நெசமாச்சா இல்லியா? ஒரு ஊரையே எதுத்து நின்னேன்மா நானு. இருவத்திரெண்டு வயசு எனக்கு.

இரு, கவுன்ட்டருல ஏதோ சத்தம் கேக்குது... இல்ல, இன்னும் தொறக்கல.

இதுக்கு நடுவுலதான் அந்த ஜீப்பு விவகாரம். பந்தல் பிரிச்சி நாலஞ்சி நாளிருக்கும். டவுன்ல இருந்து போலீசு ஜீப்பு வந்துச்சி, நேரா ஜைத்தூன் அக்கா வூட்டுக்கு. எவனோ எழுதிப் போட்டுட்டான். எங்க மூத்தாருதான்னு இன்னிக்கும் சொல்லுவேன், வேற யாரு? வூடு பூராக் கொட்டிக் கவுத்தாங்க, பீடி எலையெல்லாம் தெருவுல. ரேடியோ அன்னிக்கும் அங்க இருந்துச்சி. எங்க வூட்டுக்காரரு சேதி மறுபடி வருமான்னு பாக்க நான்தான் வெச்சிருந்தேன். எடுத்துக்கினு போயிட்டாங்க. ஹயாத் பாஷாவையும் கூட்டினு போயிட்டாங்க.

அக்கா ஓடியாந்துச்சி. "பாக்கியம், நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. ரேடியோ உன்னுதுன்னு சொல்லு. நீதான் கேட்டேன்னு சொல்லு. பட்டாளத்தான் பொண்டாட்டி, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

போனேனா இல்லியா? போனேன். அந்தக் காலத்துல எங்க ஊருல இருந்து ஒரு பொம்பளை போலீசு ஸ்டேஷன் வாசல் மிதிச்சது கெடையாது, நான் மிதிச்சேன். லைசென்சைக் கையில புடிச்சிக்கினு போயி நின்னேன். "ரேடியோ என்னுது. எம் பேர்ல லைசென்சு கீது. எம் புருசன் அங்க ஜெயில்ல கீறாரு, அவரு வாங்கிக் குடுத்த ரேடியோவை எடுத்துக்கினு வர நீங்க யாரு?"ன்னேன். அந்த இன்ஸ்பெக்டரு எழுந்து நாற்காலி போட்டாரும்மா. டீ வாங்கியாரச் சொன்னாரு.

அப்பறம் கேட்டாரு, "ரேடியோ உங்களுதுன்னா, அவங்க வூட்ல எதுக்கும்மா இருந்துச்சி?"

"அங்கதாங்க அந்தப் பாஷை புரியும்"ன்னேன்.

"ஓகோ. அவங்களுக்கு அந்த ஸ்டேஷன் முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க. அக்காதான் எனக்கே சொன்னாங்க. அவங்க அண்ணன் ஆம்பூர்ல கேப்பாராம்."

உண்மையைத்தானே சொன்னேன்? போலீசுகிட்ட பொய் சொல்லலாமா? எழுதிக்கினாரு. ரேடியோவைத் தொடைச்சிக் கையில குடுத்தாரு. வெளிய வரேன், தாவாரத்துல ஹயாத் பாஷா கீழ குந்தியிருக்காரு, சட்டை இல்லாம. என்னைப் பாத்தாரு. எங் கையில இருந்த ரேடியோவைப் பாத்தாரு. நானும் பாத்தேன். இன்னா பேசறது? பட்டுனு வந்துட்டேன். ஊருக்குள்ள வரப்ப ரேடியோவைத் தோள்ல மாட்டிக்கினுதான் வந்தேன், எல்லாரும் பாக்கட்டும்னு.

ஹயாத் பாஷாவை உடனே வுடல. ஆம்பூருக்கும் ஜீப்பு போச்சின்னாங்க. வுட்டப்பறம் அவருக்குப் பீடிக்காரங்க எலை குடுக்கல, தூள் குடுக்கல. பசங்க அவங்க வூட்டுக்கு "லாகூர் ஸ்டேஷன்"னு பேரு வெச்சிடுச்சுங்க. போறப்ப வரப்ப, "இன்னா பாய், இன்னிக்கி இன்னா நூஸு?"ம்பாங்க. நாங்கூட ஒருவாட்டி சிரிச்சிட்டேன். வெளையாட்டுக்குத்தானே? அக்கா செவுத்தாண்ட வர்றதையே நிறுத்திடிச்சி. நான் கூப்புட்டாலும் கைவேலையா கீறேன்னு சொல்லிடும். ஒரு நாளு காலையில பாத்தா வூடு பூட்டிக் கெடக்குது. சட்டி பானையெல்லாம் வண்டியில ஏத்தினு போயிட்டாங்களாம்.

எங்கிட்ட சொல்லிட்டுப் போவக் கூடாதா? அத்தினி நாளு ஒரே ரஜாய்க்குள்ள தலையை வெச்சிக்கினு இருந்தோமே? அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் கீது.

அடுத்த வருசக் கடைசியில அங்க ஜெயில்ல இருந்த நம்ம சிப்பாயிங்களையெல்லாம் வுட்டாங்க. காட்பாடி ஸ்டேஷன்ல மேளம் வெச்சிக் கூப்புட்டுக்கினு வந்தோம். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாரு. தாலியைத் தொட்டுப் பாத்தாரு, எல்லாரும் இருக்கறப்பவே. சோறு போட்டுக்கினே கேட்டேன், எம் பேரைச் சொல்லாம எருமையைச் சொன்னியேய்யா, உனக்கே நல்லாருக்கான்னு. "உம் பேரைச் சொன்னா அங்கியே அழுதுடுவேன்னு பயமா இருந்துச்சி, அவங்க முன்னாடி அழக்கூடாதுன்னு எருமையைச் சொன்னேன்"னாரு. அப்பிடியாப்பட்ட மனுசன்.

அப்பறம் நான் எல்லாக் கதையையும் சொன்னேன். உனக்குச் சொன்ன மாதிரியே. நான் நின்னது, பேசுனது, ஸ்டேஷனுக்குப் போனது, ஒண்ணு வுடாம. சந்தோசப்படுவாருன்னு பாத்தா, சோத்துல கையை வெச்சிக்கினு அப்பிடியே கீறாரு.

"அந்தக்கா இப்ப எங்க?"

"காலி பண்ணிக்கினு போயிட்டாங்க, சொல்லாம கொள்ளாம."

கையைக் கழுவிட்டாரு. பாதி சோறு அப்பிடியே கெடக்குது. விடிஞ்சதும் யூனிபாரத்தை எடுத்து மாட்டிக்கினு, அந்தக் காலை இழுத்துக்கினு, பஸ் ஏறிட்டாரு. பேரணாம்பட்டுல கண்டுபுடிச்சாராம். ரெண்டு நாளு கழிச்சி வந்தாரு. இன்னா சொன்னாங்க, என்னைக் கேட்டாங்களான்னு கேட்டேன்.

"கேட்டாங்க. ரேடியோ நல்லாப் பாடுதான்னு கேட்டாங்க"ன்னாரு.

பாத்தியா, எவ்ளோ பாசம்! அத்தினி கஷ்டத்துலயும் என் ரேடியோவை ஞாபகம் வெச்சிருக்குது. "நல்லாப் பாடுதுன்னு சொல்றதுதானே?"ன்னேன். அவரு எழுந்து கொட்டாப் பக்கம் போயிட்டாரு.

அதுல இருந்து வருசா வருசம் அவங்க ரம்ஜானுக்குப் போவாரு. ஹயாத் பாஷா செத்தப்ப போயி குழியில மண்ணு தள்ளிட்டு வந்தாரு. அவங்க புள்ளையை இவரு பென்சன் பணத்துலதான் ஐடிஐ படிக்க வெச்சாரு, எனக்கு அப்பறந்தான் தெரியும். என்னை ஒருவாட்டிகூட கூட்டினு போனதில்ல. நானும் வரேன்னா, "வேணாம்"னுவாரு. அவ்ளோதான். நான் ரேடியோ போட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. அவரு பேரைக் காதுல வாங்கினவ நான், அவருக்காகத் தாலியைக் காப்பாத்தினவ நான், மரியாதையெல்லாம் அந்த வூட்டுக்கு. இது இன்னா ஞாயம்?

ஆனா பாரு, நேத்து அவருக்குப் போன் வந்துச்சி. அக்காவை இங்க வேலூர்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். வயசாயிடிச்சி, தொண்ணூறு இருக்கும். பாக்கியத்தைப் பாக்கணும்னு சொல்லிச்சாம். அதுவாக் கேட்டுச்சாம்! ஐம்பது வருசம் கழிச்சி! அவரு எங்கிட்ட வந்து, "வரியா?"ன்னு கேக்கறப்ப அவரு கொரலே ஒரு மாதிரி இருந்துச்சி. வரேன்னேன். எனக்கு இன்னா பயம்? அதோ, ஸ்டாண்டாண்ட ஆட்டோவைப் பேசிக்கினு கீறாரே, கம்பூன்றி, அவருதான். அக்காவுக்குத்தான் இந்த ஆர்லிக்ஸு.

எதுக்குக் கூப்புடுதுன்னு எனக்குத் தெரியும். சொல்லாம போனதுக்கு வருத்தம் சொல்லத்தான். சாவறதுக்குள்ள மனசுல இருக்கறதை எறக்கி வெக்கணுமில்ல? நானும் பெருசு பண்ண மாட்டேன்மா. போனது போவட்டும்க்கா, நான் மன்னிச்சிட்டேன்னு, கையைப் புடிச்சி சொல்லிடப் போறேன்.

இன்னாம்மா?

இன்னா அப்பிடிப் பாக்கற? நான் இன்னா தப்பாச் சொல்லிட்டேன்? ஏன், சொல்லேன்.

சரி போ, கவுன்ட்டரு தொறந்துட்டான். முன்னாடி போ.